துடுப்பா, போர்ட்டலா, சுவரா: விஆர் ஸ்டெல்த் கேம்களில் எது தேறுகிறது?

மேசைக்குப் பின்னால் நிஜமாகவே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். இரும்புக் கால்கள் தரையில் பதியும் சத்தம் இடது காதிலிருந்து வலது காதுக்கு மெல்ல நகர்ந்தது. எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் என் தலையைத்தான் நீட்ட வேண்டும், அதற்கென்று பட்டன் எதுவும் இல்லை. சின்ன வயதில் ஐஸ்பாய் ஆடும்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றபோது வந்த அதே வயிற்றுக் கலக்கம். பட்ஜெட் கட்ஸ் என்ற விஆர் கேமின், அதாவது கண்ணில் ஹெட்செட் மாட்டி மெய்நிகர் உலகத்துக்குள் நின்று ஆடும் கேமின், தொடக்கம் இது. டிவியிலும் கணினியிலும் பல வருடங்களாக ஸ்டெல்த் கேம், அதாவது எதிரியின் கண்ணில் படாமல் பதுங்கிப் போகும் கேம், ஆடுகிறவன் நான். அங்கே ஒருமுறைகூட இப்படி இருந்ததில்லை.

காரணம் எளிது. திரையில் ஆடும்போது நமக்கு ஒரு சலுகை உண்டு. பல கேம்களில் கேமரா நம் ஆளின் முதுகுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் மிதக்கிறது. ஆள் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பான், நாமோ சுவர் முனைக்கு அப்பால் யார் வருகிறார் என்று சௌகரியமாகப் பார்த்துக்கொண்டிருப்போம். ஹெட்செட்டை மாட்டியதும் அந்தச் சலுகை போய்விடுகிறது. நான் பார்க்க வேண்டுமானால் நானும் கண்ணில் படத் தயாராக இருக்க வேண்டும். ஒளிந்து விளையாடுவதற்கு இதைவிட நேர்மையான விதி கிடையாது.

விஆர் ஸ்டெல்த்தின் பெரிய பலம் அது. பெரிய பலவீனம் நடப்பதில் இருக்கிறது. நாம் ஹாலின் நடுவில் நிற்கிறோம், கண் மட்டும் நகர்வதாகச் சொல்கிறது, உள்காது நகரவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் தலைசுற்றல் வருகிறது. மெதுவாகப் பதுங்கிப் போகும்வரை பலரும் தாங்கிக்கொள்வார்கள். மாட்டிக்கொண்டு ஓட வேண்டி வரும்போதுதான் வயிறு புரளும். ஒரு கேமில் துரத்தல் காட்சியில் சட்டென்று திரும்பித் திரும்பி ஓடிவிட்டு, அப்புறம் அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். ஆகவே ஒரு விஆர் ஸ்டெல்த் கேமை எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது கதையையோ படத் தரத்தையோ அல்ல. என்னை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு எப்படிக் கொண்டுபோகிறது என்பதைத்தான்.

ஸ்வீடனின் நீட் கார்ப்பரேஷன் 2018இல் வெளியிட்ட பட்ஜெட் கட்ஸ் இதற்குக் கண்டுபிடித்த வழி இன்றும் வியப்பாக இருக்கிறது. கையில் ஒரு கருவி. அதிலிருந்து பந்து ஒன்றைச் சுட்டால், அது விழுந்த இடத்தின் காட்சி நம் முன்னால் போர்ட்டல் என்ற ஒரு சின்ன ஜன்னலாகத் திறக்கும். அந்த ஜன்னல் வழியாக அங்கே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளலாம். பாதுகாப்பு என்று தோன்றினால் ஜன்னலை இழுத்துப் போர்த்திக்கொண்டு அங்கே போய்விடலாம். நடக்காமல் சட்டென்று இடம் தாவும் டெலிபோர்ட் என்ற உத்தி மற்ற கேம்களில் தலைசுற்றலுக்கு மாத்திரை போலத்தான் வருகிறது. இங்கே அதுவே வேவு பார்க்கும் கண்ணாகிவிட்டது. அலுவலகத்தின் மேற்கூரைத் தகட்டை நகர்த்தி உள்ளே தலையை விட்டுப் பார்க்கலாம், இழுப்பறையைத் திறந்து சாவி அட்டை தேடலாம். ரோபோக்களிடம் ஒரு குண்டு பட்டாலே கதை முடிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு அறையும் யோசிக்க வைக்கிறது.

குறைகளும் உண்டு. கத்தி எறிவதுதான் முக்கியமான ஆயுதம், ஆனால் பிளாஸ்டிக் கன்ட்ரோலருக்குக் கத்தியின் எடை கிடையாது. எந்த நொடியில் விரலை விட வேண்டும் என்று கைக்குப் பிடிபட நேரமாகும். எதிரிகளின் வகையும் குறைவு, பாதி கேம் தாண்டியதும் அவர்களின் நடமாட்டம் மனப்பாடமாகிவிடுகிறது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது பேண்டம்: கவர்ட் ஆப்ஸ். பிரிட்டனின் என்ட்ரீம்ஸ் நிறுவனம் 2020 ஜூனில் வெளியிட்டது. இதில் நீங்கள் நடக்கவே மாட்டீர்கள். தொடக்கம் முதல் முடிவு வரை கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் உட்கார்ந்திருப்பீர்கள். சோவியத் காலத்துப் பழைய கடற்படைத் தளம் ஒன்றின் நீர்வழிகளில், இரவில், துடுப்புப் போட்டபடி ஊடுருவ வேண்டும்.

கேட்கும்போது இது சின்ன வித்தை போலத் தோன்றும். ஆடிப் பார்த்தால் விஆரின் தொல்லைகள் எத்தனை இந்த ஒரு முடிவில் அடங்கிவிட்டன என்று புரியும். நிஜத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், கேமிலும் உட்கார்ந்திருக்கிறேன். முட்டி வலிக்காது. அறை சிறியது என்ற கவலை இல்லை. படகு நகர்வது என் கை துடுப்பை இழுத்ததால்தான் என்பதால், மூளை அந்த அசைவைப் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. வேகமாகத் துடுப்புப் போட்டால் தண்ணீர் சத்தம் எழும், மெதுவாகப் போட்டால் வழுக்கிக்கொண்டு போகலாம். சத்தத்தை இங்கே ஒரு மீட்டராகத் திரை மூலையில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, தோளிலேயே தெரிகிறது. கோரைப் புல்லுக்குள் படகைச் செருகிவிட்டு, துடுப்பைப் பக்கவாட்டில் மாட்டிவிட்டு, துப்பாக்கியை எடுத்துக் கரையில் நிற்கும் காவலாளிக்காகக் காத்திருக்கும் அந்த அரை நிமிடம் போல ஒன்று இந்த வகைக் கேம்களில் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

படகைவிட்டு இறங்கவே முடியாது என்பதுதான் அதன் எல்லையும். கட்டடத்துக்குள் நுழைந்து அலச முடியாது. எங்கே தண்ணீர் போகிறதோ அங்கேதான் நாமும். பாதைகள் கிளை பிரிந்தாலும் கால்வாய் கால்வாய்தான். கதையும் ஓரிரு மாலைகளில் முடிந்துவிடும். இதெல்லாம் தெரிந்தும் இந்தப் பட்டியலில் முதலிடம் இதற்கே கொடுப்பேன். தன்னால் என்ன முடியாது என்று தெரிந்து, அதைச் சுற்றியே கட்டப்பட்ட கேம் இது.

மெல்போர்னின் டிஜிட்டல் லோட் 2019இல் கொண்டுவந்த எஸ்பயர் 1 இவ்வளவு அடக்கமானதல்ல. அதற்கு ஆசைகள் அதிகம். நடக்கலாம், உலோகப் பரப்புகளைப் பற்றி ஏறலாம், மயக்க ஊசித் துப்பாக்கி உண்டு. நாம் எங்கோ உட்கார்ந்து ஒரு ரோபோவைத் தூரத்திலிருந்து இயக்குகிறோம் என்பது கதை. இந்தக் கதையையே தலைசுற்றலுக்கு மருந்தாகவும் ஆக்கியிருக்கிறார்கள். ரோபோ நகரத் தொடங்கியதும் சுற்றிலும் அசையாத ஒரு கட்டுப்பாட்டு அறை தோன்றி, காட்சி நடுவில் ஒரு ஜன்னலாகச் சுருங்கும். கண்ணின் ஓரத்தில் அசைவு தெரியாததால் வயிறு அமைதியாக இருக்கும். கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் பதுங்கிப் போகும்போது ஓரக் கண்தான் நமக்குக் காவல். அதைச் சுருக்கினால் பயமும் கொஞ்சம் சுருங்கிவிடுகிறது.

எஸ்பயரில் எனக்கு மிகவும் பிடித்தது குரல். காவலாளியின் பின்னால் போய், துப்பாக்கியை நீட்டி, வாய்விட்டு "ஃப்ரீஸ்" என்று சொன்னால் அவன் கையைத் தூக்கிவிடுவான். பட்டன் அழுத்துவதற்கும் சத்தமாகச் சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! நள்ளிரவில் வீட்டில் எல்லாரும் தூங்கும்போது சொல்ல முடியாது, அது வேறு விஷயம். எதிரிகளின் புத்திதான் ஒரே சீராக இல்லை. தூரத்து மூலையில் இருப்பவன் கண்டுபிடித்துவிடுகிறான், பக்கத்தில் இருப்பவன் பேசாமல் நிற்கிறான். ஸ்டெல்த் கேமில் இது சின்னக் குறை இல்லை. ஏன் மாட்டினோம் என்று புரியாவிட்டால் அடுத்த முறை எதைத் திருத்திக்கொள்வது?

அடுத்து பெரிய பெயர்கள். யூபிசாஃப்ட்டின் அசாசின்ஸ் கிரீட் நெக்ஸஸ் 2023 நவம்பரில் மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் ஹெட்செட்டுகளுக்கு வந்தது. தொடரின் பழைய கேம்களின் நாயகர்களான எட்சியோவாக வெனிஸில், கசாண்ட்ராவாக ஏதென்ஸில், கானராக பாஸ்டனில் அலையலாம். சுவரைக் கையால் பற்றி ஏறி, கூரை விளிம்பில் குந்தி, கீழே போகிறவனைப் பார்க்கும்போது உயரம் உண்மையாகவே உறைக்கிறது. உயரப் பயம் உள்ளவர்களுக்கென்று தனியாக அமைப்பு வைத்திருக்கிறார்கள், அந்த அக்கறைக்குப் பாராட்டு. மணிக்கட்டைச் சொடுக்கினால் மறை கத்தி வெளியே வரும், பல மணி நேரம் ஆகியும் அது எனக்குச் சலிக்கவில்லை. ஆனால் காவலர்கள் மந்தமாக இருக்கிறார்கள். தெருக்களில் கூட்டம் குறைவு, கூட்டத்தில் கரைவதுதானே இந்தத் தொடரின் அடையாளம்? மாட்டிக்கொண்டாலும் வாளெடுத்துச் சமாளித்துவிடலாம் என்ற தைரியம் வந்ததும் பதுங்கும் ஆர்வம் தளர்ந்துபோகிறது.

டென்மார்க்கின் ஐஓ இன்டராக்டிவ் உருவாக்கிய ஹிட்மேன் வேறு விதமான மறைவைக் கேட்கிறது. இருட்டில் ஒளிவதல்ல, வேடம் போட்டுக் கூட்டத்தில் நிற்பது. இது விஆருக்கு அருமையாகப் பொருந்துகிறது. சமையல்காரர் உடையில் நடக்கும்போது எதிரே வருகிறவன் என் கண்ணை நேராகப் பார்க்கிறான். அவன் உயரமும், அவன் நிற்கும் நெருக்கமும் திரையில் ஒருபோதும் தெரியாதவை. பிளேஸ்டேஷன் பதிப்பில் ஹிட்மேன் வரிசையின் மூன்று கேம்களின் இடங்களும் சேர்ந்து கிடைப்பதால் அளவிலும் இதனோடு போட்டி போட எதுவும் இல்லை.

ஆனால் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்க வேண்டும். சோனியின் பிளேஸ்டேஷன் விஆர் ஹெட்செட்டுக்கு 2021இல் வந்த பதிப்பில் முன்னால் இருக்கும் ஒரே கேமராதான் கன்ட்ரோலரின் விளக்கைப் பார்க்கிறது. உடம்பைத் திருப்பினால் கை தொலைந்துபோகும். எந்தப் பக்கமிருந்து யார் வருவார் என்று தெரியாத ஒரு கேமில் திரும்ப முடியாதது பெரிய கால்விலங்கு. 2024இல் குவெஸ்ட் 3க்கு வந்த ரீலோடட் பதிப்பில் படத் தரத்தை மிகவும் குறைத்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் பிளேஸ்டேஷன் விஆர்2க்கு வந்ததுதான் உருப்படியானது. இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்கின்றன. அதிலும்கூட இந்த இடங்கள் எல்லாம் திரைக்காகக் கட்டப்பட்டவை என்பது அவ்வப்போது தெரிகிறது.

பேட்மேன்: ஆர்க்கம் ஷேடோவை (2024, குவெஸ்ட் 3, 3எஸ்) பலரும் இந்த வகையில் சேர்க்கிறார்கள். நல்ல கேம்தான். ஆனால் அதில் பயப்பட வேண்டியது எதிரிகள், நாம் அல்ல. வேட்டையாடும் சுகம் வேண்டுபவர்களுக்கு அது போதும்.

கேமைத் தாண்டி ஹெட்செட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை வாங்குபவர்கள் யோசிப்பதில்லை. ஸ்டெல்த் என்றாலே இருட்டு. குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3 இரண்டிலும் இருப்பது எல்சிடி திரை, அதில் கறுப்பு என்பது சாம்பல் நிறமாகத்தான் தெரியும். பிளேஸ்டேஷன் விஆர்2இல் ஓஎல்இடி, அங்கே இருட்டு இருட்டாகவே இருக்கும். பேண்டமின் இரவு நீர்வழியை குவெஸ்ட் 2இல் பார்த்தவர்களிடம், 2019இன் முதல் குவெஸ்ட்டில் அதே காட்சி எவ்வளவு கறுத்திருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அதில் ஓஎல்இடி இருந்தது. கேமரா ஹெட்செட்டிலேயே இருப்பதால் கை முதுகுக்குப் பின்னால் போனால் கண்காணிப்பு தவறும் தொல்லையும் உண்டு. துடுப்பு எப்போதும் முன்னால்தான் இருக்கும் என்பதால் கயாக்குக்கு இங்கேயும் ஒரு மதிப்பெண் கூடுதல்.

பெரிய நிறுவனங்கள் இந்தப் பக்கம் அடிக்கடி வரும் என்று தோன்றவில்லை. நெக்ஸஸின் விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை என்றும், விஆரில் முதலீட்டைக் கூட்டப்போவதில்லை என்றும் யூபிசாஃப்ட் தலைவர் ஈவ் கில்மோ 2024 தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். எனக்கு அதில் வருத்தம்தான், அந்தக் கூரை விளிம்பில் இன்னும் நிறையச் செய்திருக்கலாம்.

சரி, எதை எடுப்பது? விஆருக்கே புதியவர் என்றால், தலைசுற்றலுக்குப் பயப்படுபவர் என்றால், பேண்டம். உட்கார்ந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். பிளேஸ்டேஷன் விஆர்2 இருந்தால், பல மாதம் ஓட ஒரே கேம் வேண்டுமென்றால், ஹிட்மேன். நெக்ஸஸை உயரத்துக்காக வாங்குங்கள், ஒளிவதற்காக அல்ல. எஸ்பயரை விலை குறையும்போது பார்த்துக்கொள்ளலாம். நின்று, குனிந்து, மண்டியிட்டு ஆடத் தெம்பும், இரண்டு மீட்டராவது காலி இடமும் இருந்தால் பட்ஜெட் கட்ஸ். கத்தி எறியும்போது கை தலைக்கு மேலே போகும், ஆகவே ஆடும் முன் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.