கேட்கக் கற்றுத்தரும் நான்கு வார வகுப்பு: இரண்டாம் வாரத்துக்காகச் சேரலாம்

அடுத்தவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு வகுப்பா என்று சிரித்தவன்தான் நானும். ஒருநாள் அக்கா, "நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீ தீர்வு சொல்லிடுறடா, உன்கிட்ட தீர்வு கேட்டேனா?" என்று போனை வைத்துவிட்டாள். அந்த ரோஷத்தில் சேர்ந்ததுதான் இந்த ஆன்லைன் வகுப்பு.

முதல் வாரம் சுத்த வீண். கண்ணைப் பார், தலையாட்டு, முன்னால் சாய்ந்து உட்கார். இதையெல்லாம் செய்துகொண்டே மனதுக்குள் வேறு கணக்குப் போடலாம், மீட்டிங்குகளில் வருஷக்கணக்காக நான் செய்வதே அதுதான். போதாததற்கு, பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியும் என்று பயிற்றுநர் ஒரு ஸ்லைடு போட்டார். 1967இல் வெளியான, உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியனின் ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. சொல் ஒன்றும் முகமும் குரலும் வேறொன்றும் காட்டும்போது, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து ஊகிக்கிறோம் என்பது பற்றியது. எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். சொல்லுக்கு 7 சதவீதம்தான் என்றால் தெரியாத மொழியில் பேசினாலும் முக்கால்வாசி புரிய வேண்டுமே என்று கேட்டேன். "நல்ல கேள்வி" என்றார், அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். கேட்கச் சொல்லித்தர வந்தவர்!

சரி, இரண்டாம் வாரம். இருவர் இருவராகப் பிரித்துப் பேச விடுகிறார்கள். விதி ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகே உங்கள் பதில். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1950களின் தொடக்கத்திலேயே சொன்ன யோசனை. சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதா? நான் மூன்று முறை தோற்றேன். வேலையை விடலாமா என்று யோசிப்பதாக என் ஜோடி சொன்னார், "வேலை பிடிக்கவில்லை" என்றேன். இல்லையாம், வேலை ரொம்பப் பிடிக்கும், மேலதிகாரி மாறியதிலிருந்து வாய் திறந்து ஒரு சந்தேகம் கேட்கத்தான் பயமாம். அவர் சொல்லாத ஒன்றுக்கு நான் ஆலோசனையே தயாராக வைத்திருந்தேன்.

இதற்குக் காரணமும் சொன்னார்கள், இது உருப்படியானது. ஒரு கேள்விக்குப் பதில் வர ஆகும் இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று 10 மொழிகளை ஒப்பிட்டு 2009இல் ஓர் ஆய்வு வந்தது. அவ்வளவு நேரத்தில் ஒரு வாக்கியத்தை யோசித்துச் சொல்ல முடியாது, அதனால் எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பதில் உள்ளே உருவாகத் தொடங்கிவிடுகிறது.

மூன்றாம் வாரம் சுமார். "எனக்கும் அப்படித்தான் ஆச்சு" என்று பேச்சை நம் பக்கம் இழுப்பதைப் பற்றியது. நான்காவது பழையதையே திரும்பச் சொன்னதோடு முடிந்தது, சான்றிதழ் உண்டு, எதற்கென்று தெரியவில்லை.

ஓர் எச்சரிக்கை. வகுப்பில் தரும் "நீங்கள் சொல்வது என்னவென்றால்" என்ற வாய்ப்பாட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன், "என்னடா, கஸ்டமர் கேர் மாதிரி பேசுற?" என்றாள். இப்போதெல்லாம் "ம்... அப்புறம்?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், புரியாத இடத்தில் மட்டும் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன்.

பதிவு செய்த வீடியோவாகவும் தருகிறார்கள், அதை வாங்காதீர்கள், ஜோடி இல்லாமல் அந்தப் பயிற்சியே கிடையாது. ஐந்துக்கு மூன்று. குறைத்த இரண்டில் ஒன்று முழுசாக அந்த 93 சதவீதத்துக்கு.