நாலு வருஷமாகக் கவுண்டரில் கிடக்கும் பார்கோடு ஸ்கேனர்: மச்சினன் கேட்டதற்குப் பதில்

போன வாரம் ஸ்கேனர் வயர் கழுத்தோடு அறுந்துபோனது. நாலு வருஷத்தில் இது ரெண்டாவது தடவை. வயரை மட்டும் மாற்றினால் போதும், முந்நூற்றைம்பது ரூபாயில் வேலை முடிந்தது. ஆனால் வயர் வந்து சேர மூணு நாள் ஆகிவிட்டது. அந்த மூணு நாளும் கேரள எல்லையோரம் இருக்கிற எங்கள் களியக்காவிளை மளிகைக் கடையில் பெயரைத் தட்டித் தட்டிப் பில் போட்டோம். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பாறசாலையில் கடை திறக்கப்போகிற மச்சினன் கூப்பிட்டான். "அத்தான், அந்த பீப் பீப் சாதனம் நமக்குப் பிரயோஜனப்படுமா?"

அவனுக்குப் போனில் சொன்னது அரைகுறை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். எத்தனை மீட்டர் வயர், எத்தனை வருஷம் வாரண்டி என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது, அதை நான் சொல்லத் தேவையில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் நிற்கிற பெண் வள்ளியூர்ப் பக்கம், மலையாளம் ஒரு எழுத்து தெரியாது. எங்கள் ராக்கையில் பாதி கேரளத்துச் சரக்கு. புட்டுப்பொடி, அப்பப்பொடி, இடியப்பப்பொடி மூணும் ஒரே நிறக் கவர், எழுத்து மட்டும்தான் வேறே. ஸ்கேனர் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டையும் தூக்கிக் காட்டி, "அண்ணாச்சி, இது என்னது?" என்று கேட்கும். ஓணத்துக்கு முந்தின நாள் கூட்டத்தில் இதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பார்கோட்டுக்கு மலையாளம் தமிழ் என்று எதுவும் கிடையாது. முதல் நாளே அந்தப் பெண் என்னைவிட வேகமாகப் பில் போட்டது.

வயர் இல்லாத மூணு நாளில் இன்னொன்றும் தெரிந்தது. நான் "ஏத்தங்காய் வத்தல்" என்று தட்டினேன், மகன் "நேந்திரம் சிப்ஸ்" என்று புதிதாக ஒரு பெயர் உண்டாக்கினான், அந்தப் பெண் "பனானா சிப்ஸ்". ஒரே சாமான், ஸ்டாக் மூணு இடத்தில். அதைச் சேர்த்துச் சரிபண்ண ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

ஸ்கேனரைக் கம்ப்யூட்டர் ஒரு கீபோர்டாகத்தான் பார்க்கிறது. கோட்டைப் படித்து, எண்ணைத் தட்டி, கடைசியில் ஒரு என்டர், அவ்வளவுதான். கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே போய் விழும். ஒருநாள் எண்ணிக்கைக் கட்டத்தில் கர்சர் நின்றபோது மகன் ஒரு பிஸ்கட்டை ஸ்கேன் செய்துவிட்டான். 890-ல் தொடங்கும் 13 இலக்கம். எட்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கோடிப் பாக்கெட்டுக்குப் பில் வந்தது. வாங்க வந்தவர் ஒரு பாக்கெட்டுக்குச் சில்லறை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

இந்த 890 இருந்தால் இந்தியாவில் செய்த சரக்கு என்று வாட்ஸ்ஆப்பில் ஒன்று சுற்றுகிறது, அதை நம்பாதீர்கள். பார்கோடு எண் கொடுக்கிற ஜிஎஸ்1 என்ற அமைப்பின் இந்தியக் கிளையில் கம்பெனி எண் வாங்கியிருக்கிறது, அவ்வளவே. எங்கே செய்தது என்பது அதில் இல்லை. எக்ஸ்பயரி இல்லை, பேட்ச் இல்லை. விலையும் அதில் இல்லை, என் நாலு வருஷத்து வயிற்றெரிச்சலுக்குக் காரணம் அதுதான்.

விலை நம்முடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. கம்பெனி எம்ஆர்பியை மாற்றினாலும் கோடு பெரும்பாலும் அதே கோடுதான். ராக்கையில் பழைய விலையில் எட்டு பாக்கெட், புது விலையில் பன்னிரண்டு பாக்கெட் என்று கலந்து கிடக்கும். ஸ்கேன் செய்தால் திரையில் ஒரு பெட்டி விரிந்து, "எந்த எம்ஆர்பி?" என்று கேட்கும். பாக்கெட்டைத் திருப்பி, மடிப்பில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் விலையைத் தேடிப் பார்த்து, சரியான வரிக்கு இறங்கி என்டர் தட்ட வேண்டும். கூட்டத்தில் யார் இறங்குவார்கள்? முதல் வரியிலேயே என்டர். மாசக் கடைசியில் ஒரு பேஸ்ட்டுக்கு ஸ்டாக் பழைய விலையில் மைனஸ் 23, புது விலையில் 31 என்று காட்டியது. ராக்கையில் எண்ணினால் எட்டு. கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரி, பணத்தில்தான் இடி.

2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், தலைக்கு வைக்கிற எண்ணெய் எல்லாம் 18 சதவீத ஜிஎஸ்டியிலிருந்து அஞ்சுக்கு இறங்கியது. நல்லதுதான். ஆனால் ராக்கையில் இருப்பது பழைய எம்ஆர்பி அடித்த சரக்கு, ஏஜென்சிக்காரர் இறக்குவது புது எம்ஆர்பி, நடுவில் ஸ்டிக்கர் ஒட்டி வந்தது கொஞ்சம். ஒரே ஷாம்புக்குத் திரையில் மூணு விலை! எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற ஒரு பெரியவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "டிவியில் விலை குறஞ்ஞூன்னு பறஞ்ஞல்லோ, சேட்டா?" என்றார். அந்தப் பெண் பழைய விலையில் தட்டியிருக்கிறது. பாட்டிலில் இருந்ததோ புது விலை. மீதியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதற்குப் பிறகு ஒவ்வொரு பில்லையும் வாசலில் நின்று படித்துவிட்டுத்தான் படி இறங்குகிறார்.

ஸ்கேனரைத் திட்டி என்ன பண்ண? 1974 ஜூனில் அமெரிக்காவில் ஒஹாயோவின் டிராய் ஊரில் இந்த ரகக் கோட்டைக் கடையில் முதல் தடவை ஸ்கேன் செய்தது ஒரு கட்டுச் சூயிங்கத்தில். அங்கே பாக்கெட்டில் எம்ஆர்பி அச்சடிக்கிற வழக்கமே இல்லை. கடைக்காரர் கம்ப்யூட்டரில் வைப்பதுதான் விலை. அந்த ஏற்பாட்டுக்கு இந்தக் கோடு கச்சிதம். நம்மிடமோ பாக்கெட்டின் மேலேயே சட்டப்படி விலை இருக்கிறது, கோட்டுக்கு அது தெரியாது. பேட்ச், எக்ஸ்பயரி எல்லாம் அடங்கிய, கியூஆர் மாதிரி கட்டம் கட்டமான கோடு வருகிறது, 2027 முடிவதற்குள் கவுண்டர்கள் அதைப் படிக்கத் தயாராக வேண்டும் என்பது ஜிஎஸ்1 வைத்திருக்கும் இலக்கு. என்னிடம் இருப்பது சிவப்புக் கோடு அடிக்கிற லேசர். கட்டத்தின் மேல் எத்தனை தடவை பிடித்தாலும் கம்மென்று இருக்கும்.

சிவப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. மார்த்தாண்டம் பக்கம் வீட்டில் வத்தல் போட்டு விற்கிற அக்கா ஒருவர், சொந்தக் கவர் அடித்துக்கொண்டு வந்தார். வெள்ளைக் கவரில் பளிச்சென்று சிவப்பு பார்கோடு. ஒரு பாக்கெட்கூட ஸ்கேன் ஆகவில்லை. சிவப்பு வெளிச்சத்துக்கு வெள்ளையும் சிவப்பும் ஒன்றுபோலத்தான். அச்சடித்த பையன் சொல்லவில்லை, நானும் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். இப்போது அவர் கவர் தீரும்வரை நான் என் லேபிளை ஒட்டி விற்கிறேன். அந்த லேபிளும் சூட்டில் எழுத்து வருகிற ரகம், மை கிடையாது. வெயில் விழுகிற முன் ராக்கையில் ரெண்டு மாசத்தில் மங்கிவிடுகிறது, எண்ணெய்க் கை பட்டால் அதற்கும் முன்னால்.

நாலு சோப்பு சேர்ந்த கட்டு வாங்கினால் இன்னொரு கூத்து. மேல் உறை கண்ணாடி மாதிரி இருந்தால் உள்ளே இருக்கிற ஒற்றைச் சோப்பின் கோட்டைப் படித்துவிடும். நாலு சோப்பு ஒன்றின் விலைக்குப் போகும். எத்தனை கட்டு போனது என்று எண்ணிப் பார்த்தேன், இங்கே எழுத மனசில்லை.

அதனால் மச்சினனிடம், "வேண்டாம்டே, ஒரு வருஷம் நோட்டில் ஓட்டு, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு இன்னொரு ஸ்கேனர் ஆர்டர் போட்டிருக்கிறேன், கட்டத்தையும் படிக்கிற மாதிரி. வியாழக்கிழமை வருமாம். உதிரி வயரும் ரெண்டு.