சுடுதண்ணிப் பை: ரப்பரைப் பார்க்க முன் மூடியைப் பாருங்கள்

நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை பாமசிகளில் அறுபது தாண்டியவர்கள் யோசிக்காமல் வாங்கும் பொருள் எது என்று கேட்டால், 2 லீற்றர் ரப்பர் சுடுதண்ணிப் பையைத்தான் சொல்ல வேண்டும். மாத்திரை வாங்கினால் திகதி பார்ப்போம். பை என்றால் சிவப்பா நீலமா என்று மட்டும் பார்த்துக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். ஆறு மாதம் கழித்து ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்கு மெத்தை நனைந்திருக்கும். ஆடி மாதத்து மழையில், மஸ்கெலியாவில், ஒரு பஞ்சு மெத்தையைக் காய வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வேலைக்குப் போன காலத்தில் ஏறி இறங்கிய மலையே உடம்பைச் சூடாக வைத்திருந்தது. பென்ஷனோ ஈபிஎப் காசோ கைக்கு வந்த பிறகு உட்கார்ந்திருக்கும் நேரம் கூடிவிடுகிறது. முதலில் குளிர்வது பாதம், அடுத்தது முழங்கால். கம்பளி போர்த்தினாலும் குளிர்ந்த கால் தானாகச் சூடேற நேரமெடுக்கும். அந்த இடத்தில் இந்தப் பைக்கு ஈடாக இன்னும் ஒன்று வரவில்லை. ரூம் ஹீட்டரும் வராது, கரண்டில் சூடேற்றும் ஜெல் பையும் வராது. ஆனால் நல்ல பையாக இருக்க வேண்டும், நிரப்பும் முறையும் சரியாக இருக்க வேண்டும்.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது தடிப்பை அல்ல, மூடியை. பை கசிவது பெரும்பாலும் நடுவில் அல்ல, கழுத்தில்தான். கழுத்துக்குள் மூடி திருகி இறங்கும் மறை உள்ள ஒரு வளையம் ரப்பரோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். மூடியின் அடியில் ஒரு ரப்பர் வொஷர் இருக்கும். மூடியைக் கழற்றி வொஷரை விரலால் தடவிப் பாருங்கள். மடிப்போ வெட்டோ இருக்கக் கூடாது. திருகும்போது மூடி ஆடாமல் நேராக இறங்கி, வொஷர் முட்டியதும் நிற்க வேண்டும். பிறகு கழுத்தைக் கையால் பிடித்து மறை வளையம் ரப்பருக்குள் சுற்றுகிறதா என்று முறுக்கிப் பாருங்கள். சுற்றினால் அந்தப் பை வேண்டாம். கடையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க விடமாட்டார்கள். அதற்குப் பதிலாக, பையின் இரண்டு பக்கத்தையும் பிரித்துக் காற்றை உள்ளே விட்டு, மூடியைத் திருகி, கழுத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பையை அமுக்குங்கள். காற்று கசிந்தால் கன்னத்துக்குத் தெரியும்.

விரல் மூட்டு வீங்கியவர்கள் வட்ட மூடியைத் தவிர்த்து, மேலே காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மூடி உள்ள பையை எடுங்கள். உள்ளங்கையால் தள்ளித் திருகலாம். ஒரு கம்பனியின் மூடி இன்னொன்றின் கழுத்துக்குப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். பழைய பையின் மூடியை எடுத்துப் புதுப் பைக்குப் போட்டால் அன்றைக்குப் பொருந்தும், பாதி ராத்திரியில் கழன்றுகொள்ளும்.

அடுத்தது வயது. பிரித்தானியத் தரமான பி.எஸ். 1970 இன்படி செய்த பைகளில் ஒரு சின்னப் பூ அச்சாகியிருக்கும். பன்னிரண்டு இதழும் பன்னிரண்டு மாதம், நடுவில் உள்ள இரண்டு இலக்கம் வருடம். இதழ்களுக்குள் இருக்கும் புள்ளிகள் வாரத்தைக் காட்டும். புள்ளி எந்த இதழோடு நிற்கிறதோ அதுதான் செய்த மாதம். அழகுக்குப் போட்ட பூ என்று நினைத்து அதைப் படிக்காமல் விடுபவர்களே அதிகம். பாவிக்கத் தொடங்கி இரண்டு வருடத்தில் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. இரண்டு வருடம் என்பது பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் பைக்கும் சேர்த்துத்தான். ரப்பர் கிழமைக் கணக்கில் கிழிவதில்லை. உள்ளே கெட்டுப்போய், ஒருநாள் ஒரேயடியாகத் தையல் ஓரம் திறந்துகொள்ளும்.

கண்ணாடி ஜன்னலில் வெயில் படத் தொங்கும் பையை வாங்காதீர்கள். ரப்பரைக் கெடுப்பவை வெளிச்சம், சூடு, காற்றிலுள்ள ஓசோன், எண்ணெய். மடித்த இடத்தில்தான் வெடிப்பு முதலில் வரும். அதனால் தோள்பகுதியை மடித்து இழுத்துப் பாருங்கள். நூல் நூலாகக் கோடு தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் மட்டும் பழசு என்று முடிவு கட்ட வேண்டாம். மெழுகும் கந்தகமும் ரப்பரின் மேலே பூப்பது உண்டு. துடைத்துவிட்டு வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி தண்ணீர். கொதித்த தண்ணீர் என்றால் 100 பாகை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது மலைக்கு ஒத்துவராது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹற்றனில் 96 அளவில், பதுளை நகரத்தில் 98 அளவில். ஆறு பாகை குறைந்தால் பருப்பு வேக நேரமெடுக்கும், தோல் வேக நேரமெடுக்காது. கொதித்ததை அப்படியே பைக்குள் ஊற்றினால் மூடி கழன்ற அன்றைக்கு ஆஸ்பத்திரிதான். பையின் ஆயுளும் குறையும்.

2 லீற்றர் பையில் 2 லீற்றர் ஊற்றுவது கிடையாது. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1.3 லீற்றர். நுவரெலியாப் பக்கத்துக் கணக்கு இது: முதலில் 400 மில்லிலீற்றர் பச்சைத் தண்ணீர், அதன் மேல் 900 மில்லிலீற்றர் கொதித்த தண்ணீர். குழாய்த் தண்ணீர் 15 பாகை என்றால் கலவை 70 பாகைக்கு வரும். உறை போட்ட பைக்கு அது தாராளம். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றுவதற்குக் காரணம் உண்டு. கொதிதண்ணீர் வெறும் ரப்பரில் விழுந்தால் ஆவி கழுத்து வழியாக மேலே அடித்து, பிடித்திருக்கும் கையைச் சுடும். நீரிழிவால் கால் மரத்தவர்கள் உள்ள வீட்டில் இரண்டையும் சமமாகக் கலந்தால் 55 பாகை அளவில் நிற்கும். அவர்களுக்கு அதுவும் படுக்கையைச் சூடாக்க மட்டுமே, காலில் வைக்க அல்ல.

நிறைந்த கேத்தலை ஒரு கையால் தூக்கி, மறு கையால் பையைப் பிடிப்பதுதான் வீட்டில் நடக்கும் விபத்துகளுக்குத் தாய். நடுங்கும் கைக்கு அது வேலையே அல்ல. பையை ஒரு உயரமான பிளாஸ்டிக் ஜக்குக்குள் நிற்க வைத்து, ஜக்கை சிங்குக்குள் வையுங்கள். தண்ணீரை ஒரு சின்ன மக்கால் இரண்டு மூன்று தடவையில், புனல் வைத்து ஊற்றுங்கள். தேவையான அளவை மட்டும் கொதிக்க வைத்தால் கேத்தலும் பாரமில்லை, கரண்டும் மிச்சம். 900 மில்லிலீற்றர் கொதிக்க ஏறக்குறைய 0.1 யூனிட் போதும். 1,000 வொட் ஹீட்டர் ஆறு நிமிடத்தில் அதைத் தின்றுவிடும். விறகடுப்பு எரியும் வீட்டில் கணக்கே இல்லை, ராத்திரித் தேத்தண்ணிக்கு வைத்ததில் மிச்சமே பைக்குப் போதும்.

ஊற்றிய பிறகு பையை மேசையில் சாய்த்துப் படுக்க வைத்து, கழுத்தை மட்டும் தூக்கிப் பிடித்து, தண்ணீர் வாய்வரை வந்து எட்டிப்பார்க்கும் வரை மெதுவாக அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். காற்று இருந்தால் பை பந்தாக நிற்கும், உடம்போடு ஒட்டாது, மேலே கை பட்டால் மூடிக்கு அழுத்தம் போகும். மூடியை விரல் பலத்துக்கு இறுக்கினால் போதும். குறட்டால் இறுக்குபவர்கள் வொஷரைப் பிதுக்கி, கசிவைத் தாங்களே உண்டாக்குகிறார்கள். கடைசியாகத் தலைகீழாகப் பிடித்து, பழைய பேப்பரில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். பேப்பரில் ஈரம் இல்லையென்றால் கட்டிலுக்குப் போகலாம்.

படுக்கப் போவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் பையைக் கம்பளிக்குள் கால் பக்கம் வைத்து, படுக்கும்போது எடுத்துவிடுவதுதான் சரியான பாவனை. கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 44 பாகைச் சூடு கைக்கு இதமாகத்தான் இருக்கும். அதே சூடு ஒரே இடத்தில் ஆறு மணித்தியாலம் படிந்திருந்தால் தோல் வெந்துவிடும். தூக்க மாத்திரை போடுபவர்கள், கால் உணர்ச்சி குறைந்தவர்கள், மறதி நோய் உள்ளவர்கள் பையோடு தூங்கவே கூடாது. பையின் மேல் உட்காருவதும் முதுகுக்கு அடியில் வைத்துப் பாரம் போடுவதும் யாருக்கும் கூடாது. கால் சுளுக்கிய அன்றைக்கும் மறுநாளும் சூடு வைத்தால் வீக்கம் கூடும், அதற்கு ஐஸ்தான்.

சித்தாலேபவோ வேறு தைலமோ தேய்த்த முழங்காலில் பையை வைப்பது மலையகத்தில் பாதி வீடுகளில் நடக்கிறது. தைலம் பூசிய தோல் சூட்டில் எரிந்து சிவக்கும். எண்ணெய்ப்பசை பட்ட ரப்பர் ஊறி மெதுவாகிக் கெட்டுப்போகும். இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள்.

சில பைகளில் ஒரு பக்கம் வரிவரியாகவும் மறுபக்கம் வழுவழுப்பாகவும் இருக்கும். வரிப்பக்கத்தில் தோலுக்கும் ரப்பருக்கும் நடுவில் காற்று நிற்பதால் சூடு மெதுவாக வரும். உடம்புப் பக்கம் அதுதான் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வழுவழுப்பான பைக்கு உறை கட்டாயம்.

உறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம், ஏனென்றால் பின்னல் தெரிந்தவர்களுக்கு இது இரண்டு மூன்று நாள் நல்ல வேலை. கடையில் கிடைக்கும் நைலோன் உறை மெல்லியது, வழுக்கும். நடுத்தரத் தடிப்புள்ள கம்பளி நூல் 100 கிராமும் 4 மில்லிமீற்றர் ஊசியும் போதும். அந்த நூலில் 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி வரும். பையின் அகலம் 20 சென்ரிமீற்றர் என்றால் 44 கண்ணி, ஓரத் தையலுக்கு இரண்டு, ஆக 46. தோள்வரை நேராகப் பின்னிக்கொண்டு போய், கழுத்துக்கு இரண்டு நேர், இரண்டு புரட்டு என்று இழுபடும் பின்னலில் 12 முதல் 15 சென்ரிமீற்றர் விடுங்கள். இதே மாதிரி இன்னொரு பக்கம், பிறகு மூன்று ஓரம் தைப்பது. பையைக் காலியாக நீளவாட்டில் சுருட்டி அந்தக் கழுத்து வழியாக நுழைத்தால் உள்ளே விரிந்துகொள்ளும். பட்டனும் வேண்டாம், சிப்பும் வேண்டாம். உலோகம் சூடேறித் தோலைச் சுடும். பலர் கழுத்தை இறுக்கமாகப் பின்னிவிட்டு, பையை நுழைக்க முடியாமல் பிரித்துப் பின்னுகிறார்கள். கடைசி வரிசையைக் கட்டும்போது ஒரு நம்பர் பெரிய ஊசிக்கு மாற்றினால் அந்த வேலை மிச்சம். சுத்தக் கம்பளி நூல் என்றால் பச்சைத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள், இல்லையென்றால் பேரப்பிள்ளையின் பொம்மைக்குத்தான் போடலாம்.

கரண்ட் ஜெல் பை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கேத்தல் தூக்க வேண்டியதில்லை, மூடி திருக வேண்டியதில்லை, அது உண்மை. ஆனால் சில மலிவு வகைகளில் உள்ளே இரண்டு மின்வாய்கள் திரவத்திலேயே நேராகக் கரண்டைப் பாய்ச்சுகின்றன. பிளக்கில் இருக்கும்போது கசிந்தால் கரண்ட் அடிக்கும். தானாக நிற்கும் சுவிட்ச் பழுதானால் ஆவி கூடிப் பை வெடிக்கும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் மேசையில் சமமாக வைத்துச் சூடேற்றுங்கள். பிளக்கைக் கழற்றும் வரை தொடவும் வேண்டாம், விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம். இடி மின்னலில் கரண்ட் போகும் நாளில் அது வெறும் தலையணை.

சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றிக் கால்மாட்டில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பிளாஸ்டிக் 70 பாகை அளவிலேயே இளகிச் சுருங்கும். சாராயப் போத்தல் இளகாது, குளிர்ந்த கண்ணாடியில் கொதிதண்ணீர் பட்டால் வெடிக்கும்.

காலையில் பையைக் காலியாக்கி, மூடியைக் கழற்றி, தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் வைகாசி முதல் புரட்டாதி வரையும், ஊவாப் பக்கம் ஐப்பசிக்குப் பிறகும் ஒருநாளில் காயாது. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காய வைக்க ஆசை வரும், அதுதான் ரப்பருக்கு எமன். நிழலில் இரண்டு நாள் விடுங்கள். பீலித் தண்ணீர் மழைக்குக் கலங்கி வரும் இடத்தில், மண்டி அடியில் தங்காமல் மாதம் ஒருமுறை நன்றாக அலசிக் கொட்டுங்கள். பல மாதம் எடுத்து வைப்பதானால் உள்ளே கொஞ்சம் காற்று விட்டு மூடி, மடிக்காமல் அலுமாரிக்குள் படுக்க வையுங்கள். காற்றில்லாமல் வைத்தால் இரண்டு சுவரும் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது கிழியும்.

இரண்டு வருடம் முடிந்த பையைக் குப்பையில் போட வேண்டாம். வட்டமாக வெட்டிய ஒரு துண்டு, ஊறுகாய்ப் போத்தல் மூடியைத் திறக்க விரல் வழுக்காமல் பிடித்துக்கொடுக்கும். ஓரத்தை விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டினால் ரோசாச் செடியையும் தக்காளியையும் தண்டு அறுபடாமல் கம்பில் கட்டலாம். வெட்டாமல் வைத்திருந்தால், கழுத்து வழியாக மரத்தூளை அடைத்து மூடிவிடுங்கள். கரட் பாத்தியில் களை பிடுங்கும்போது முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்ள, ஈரம் ஏறாத மெத்தை.