சட்டைப்பைக்குள் ஒரு ஸ்கேனர்

சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்கொயரில் 65 வெள்ளிக்கு வாங்கிய, பார்கோடு படிக்கும் குட்டி புளூடூத் ஸ்கேனர் இது. "இன்னொரு பொம்மையா?" என்றார் வீட்டுக்காரர். எங்கள் பள்ளி நூலகத்தில் புத்தகக் கணக்கெடுப்பு என்றால் மடிக்கணினியைத் தள்ளுவண்டியில் வைத்து அலமாரி அலமாரியாக உருட்டுவேன். இப்போது இதுவும் கைபேசியும் போதும். விசைப்பலகை போலவே இணைவதால் தனிச் செயலி வேண்டாம்; 978 எனத் தொடங்கும் 13 இலக்கப் புத்தக அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் நேராக விரிதாளில் வந்து விழுகிறது. பளபளக்கும் பிளாஸ்டிக் உறை போட்ட புத்தகத்தை மட்டும் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் பார்கோடே கிடையாது, கையால்தான் தட்டினேன். சரி, அது கருவியின் குற்றமில்லை. அப்புறம், பீப் சத்தத்தை முதலிலேயே அணைத்துவிடுங்கள். மூலையில் வாசிக்கும் பிள்ளைகள் என்னையே முறைக்கிறார்கள்!