கோடை விடுமுறை யாருக்கு: கேம்பஸ் வகுப்புக்கா, கம்பெனிப் பயிற்சிக்கா?

பொறியியல் மூன்றாமாண்டுத் தேர்வு முடிந்து கிடைக்கும் ஒன்றரை மாத விடுமுறையை எதற்குக் கொடுப்பது என்று கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து மாணவர்கள் ஆண்டுதோறும் குழம்புகிறார்கள். ஒருபக்கம் நான்காமாண்டுத் தொடக்கத்தில் வரவிருக்கும், நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆளெடுக்கும் கேம்பஸ் தேர்வுக்கான ஆப்டிட்யூட், கோடிங் வகுப்புகள். மறுபக்கம் பீளமேட்டு பம்ப் கம்பெனியிலோ, கணபதியில் ஒரு லேத் பட்டறையிலோ, திருப்பூர் பனியன் நிறுவனத்திலோ பயிற்சி. கணினி படிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், டெக்ஸ்டைல் பிரிவினரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

கேம்பஸ் வகுப்பின் பலம் வெளிப்படையானது. பெரிய ஐடி நிறுவனங்கள் பல, எந்தப் பிரிவு மாணவரானாலும் ஒரே எழுத்துத் தேர்வைத்தான் வைக்கின்றன. கணக்கு, தர்க்கம், ஆங்கிலம், கொஞ்சம் கோடிங் என்று அதன் எல்லை முன்கூட்டியே தெரியும். ஆனால் பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பிலிருந்தே 60 விழுக்காடு மதிப்பெண்ணும், அரியர் இல்லாமையும் கேட்பதால், அரியரை வைத்துக்கொண்டு இந்த வகுப்புக்குக் கட்டணம் கட்டுவது வீண் செலவு. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிக்குள்ளேயே கட்டணமின்றித் திறன் பயிற்சிகள் கிடைப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் தயாரிப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்ய முடியும்; 'நேரமும் வேலையும்' கணக்குகளை ஒரே மாதத்தில் போட்டுத் தள்ளுவதைவிட ஆறு மாதம் தினமும் ஒரு மணிநேரம் போடுவதே கைகொடுக்கும்.

பட்டறைப் பயிற்சியை அப்படிப் பிரிக்க முடியாது. திருப்பூரில் துணியின் ஜிஎஸ்எம் பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி, சிறு தராசில் வைத்து, வரும் கிராமை 100-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை கிடைத்துவிடும், 1.8 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். புத்தகத்தில் இது இரண்டு வரி. ஆனால் 180 வர வேண்டிய இடத்தில் 168 வந்தால், நிட்டிங்கில் லூப் (நூல் கண்ணி) நீளம் கூடிவிட்டதா, ஃபினிஷிங்கில் துணியை அகலத்துக்கு அதிகமாக இழுத்துவிட்டார்களா, கட்டிங்குக்கு அனுப்பலாமா நிறுத்த வேண்டுமா என்பதெல்லாம், தராசைப் பார்த்த மறுநொடியே நிட்டிங் பொறுப்பாளருக்குப் போன் போடும் ஆளின் பக்கத்தில் நாள்கணக்கில் நின்றால்தான் விளங்கும். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பு வகுப்பறையையும் தொழிற்கூடத்தையும் அடுத்தடுத்து வைத்ததற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பயிற்சி என்ற பெயரில் ஏமாறுவதும் உண்டு. நான் படித்த காலத்தில் ஒரு பெரிய நிறுவனத்தில் பதினைந்து நாள் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் நாள் கூடத்தைச் சுற்றிக் காட்டினார்கள், கடைசி நாள் வந்து சான்றிதழை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பிற்பாடு ஒரு நேர்காணலில், அங்கே எந்தப் பாகத்தை எந்த மெஷினில் கடைந்தார்கள் என்று கேட்டபோது விழித்தேன். அடுத்த கோடையில் இருபது பேர் வேலை செய்யும் பட்டறைக்குப் போனேன். "கண்ணு, டிராயிங்க அப்பறம் பாக்கலாம், மொதல்ல இந்த ஷாஃப்ட்ட அளந்து சொல்லு" என்று வெர்னியரைக் கையில் கொடுத்த முதலாளியிடம் கற்றதே இன்றுவரை சோறு போடுகிறது. பெயர்ப்பலகை பெரிதாக இருக்கும் இடத்தைவிட, கையில் கருவியைக் கொடுக்கும் இடம் மேல்.

எது பாதுகாப்பானது என்ற கேள்விக்கு இரண்டுமே ஒரே பதிலைத்தான் தருகின்றன: இரண்டிலும் உத்தரவாதம் இல்லை. 2022-23-இல் ஐடி நிறுவனங்களில் வேலைக் கடிதம் பெற்ற பலர் சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காட்டுக்கு உயர்த்தியபோது திருப்பூர் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன.

இந்த இரண்டுக்கும் நடுவே அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வையும் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் உண்டு. 200 கேள்விகளில் 100 தமிழுக்கு, அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளுக்கு மதிப்பில்லை. ஒரு விடுமுறையில் முடிகிற வேலையல்ல அது.

பட்டறையைப் பட்டம் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம், அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகையோடு ஓராண்டு கிடைக்கிறதே என்பாரும் உண்டு. நியாயம்தான், ஆனால் எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது என்ற முடிவை மாணவர் அதற்குள் எடுத்திருப்பார், அதுவும் தொழிலைக் கண்ணால் பார்க்காமலே. ஆகவே பகலைப் பட்டறைக்கும், இரவில் ஒரு மணிநேரத்தை ஆப்டிட்யூடுக்கும் கொடுப்பதையே நான் சொல்வேன். ஐடி வேலைதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் தாராளமாக வகுப்புக்குப் போகலாம். பட்டறைக்குப் போக நினைப்பவர் மே மாதம் வரை காத்திராமல், துறைத்தலைவரின் கடிதத்தோடு மார்ச்சிலேயே போய்க் கேட்க வேண்டும். சிறு பட்டறையில் ஒருவருக்கோ இருவருக்கோதான் இடமிருக்கும்.