5,000-க்கு மினரல் ஆயிலா, 10,000-க்கு சிந்தெடிக் ஆயிலா? காற்றாலைப் பாதையில் ஓடும் ஒரு டீசல் காரின் கணக்கு

போன மாதம் என் கார் 3,12,000 கிலோமீட்டரைத் தாண்டியது. 2014 மாடல் டீசல் செடான். ஃபியட் உருவாக்கி, மாருதி, டாட்டா, செவர்லே கார்களிலும் ஏறி, ‘தேசிய இன்ஜின்’ என்று பெயர் வாங்கிய அதே 1,248 சிசி இன்ஜின். பிஎஸ்-6 புகை விதி வந்த 2020-உடன் மாருதி இதை நிறுத்திவிட்டது. வாடகைக்கு ஓடும் வண்டிகளில் இன்றும் ஏராளமாக இருக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், 1,20,000 ஓடியிருந்த நிலையில் வாங்கினேன். பாளையங்கோட்டையில் காலையில் பொறியாளர்களை ஏற்றிக்கொண்டு பணகுடி, ராதாபுரம், லெவிஞ்சிபுரம் பக்கத்துக் காற்றாலைகளுக்குப் போய், மாலையில் திரும்ப வேண்டும். நாளுக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர், மாதத்துக்கு 4,000. முதல் இரண்டு ஆண்டுகள் முழு சிந்தெடிக் (ஆலையில் வேதிமுறையில் உருவாக்கும்) 5டபிள்யூ-30 இன்ஜின் எண்ணெய் ஊற்றி 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினேன். இடையில் இரண்டு முறை செமி சிந்தெடிக், அதாவது சிந்தெடிக்கும் மினரலும் கலந்தது. இப்போது இரண்டு ஆண்டுகளாக 15டபிள்யூ-40 மினரல் (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது), 5,000-க்கு ஒரு முறை. நான் கடைசியாகச் சொன்னதன் பக்கம்தான். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் டப்பாவில் உள்ள எண்கள். ‘டபிள்யூ’வுக்கு முன்னால் இருப்பது குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு. 15டபிள்யூ எண்ணெயை மைனஸ் 20 டிகிரியிலும் 5டபிள்யூ எண்ணெயை மைனஸ் 30 டிகிரியிலும் வைத்து, இன்ஜின் சுழலுமா என்று சோதிக்கிறார்கள். திருநெல்வேலியில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. ஆகவே அந்த முன் எண்ணுக்காக நாம் கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய கட்டாயம் பெரிதாக இல்லை. பின்னால் வரும் எண்தான் நமக்கு முக்கியம். 100 டிகிரி சூட்டில் 30 தர எண்ணெயின் பிசுபிசுப்பு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் இருக்கும். 40 தரம் 12.5 முதல் 16.3 வரை. மூன்று லட்சம் ஓடிய இன்ஜினில் பேரிங் இடைவெளியும் பிஸ்டன் வளையங்களும் தேய்ந்திருக்கும். கொஞ்சம் கனமான எண்ணெய் அங்கே நின்று பிடிக்கும். மெல்லியது நழுவி மேலே ஏறி எரிந்து போகும்.

அது எரிந்து போனதை நான் கண்ணால் பார்த்த நாள் ஒன்று உண்டு. ஆடி மாதம், காற்று உச்சத்தில் அடிக்கும் நேரம். காவல்கிணறு சந்திப்பில் ஏ.சி. ஓட வண்டியை நிறுத்தியிருந்தேன். சிவப்பு எண்ணெய் விளக்கு ஒரு முறை மின்னி அணைந்தது. மறுபடியும் மின்னியது. உடனே இன்ஜினை அணைத்து, சிறிது நேரம் பொறுத்து எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை எடுத்தால், கீழ்க்கோட்டுக்கும் கீழே நுனியில் ஒரு துளிதான் ஒட்டியிருந்தது. எண்ணெய் மாற்றி அப்போது 8,600 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. அடுத்த மாற்றலுக்கு இன்னும் 1,400 பாக்கி என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன். அங்கேயே ஒரு கடையில் ஒரு லிட்டர் வாங்கி ஊற்றிய பிறகுதான் வண்டியை எடுத்தேன். மறுநாள் பட்டறையில் மெக்கானிக் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அண்ணாச்சி, மூன்று லிட்டர் ஆயிலின் வேலையை நீங்கள் இரண்டு லிட்டரை வைத்து வாங்கியிருக்கிறீர்கள்.”

இந்த விஷயத்தில் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. இந்த இன்ஜினில் பிடிப்பதே மூன்று லிட்டரும் கொஞ்சமும்தான். டீசல் எரிந்து வரும் கரியை எண்ணெய்தான் தன்னுள் கரைத்து வைத்திருக்க வேண்டும். அளவு குறையக் குறைய, மிச்சமிருக்கும் எண்ணெயின் மேல் அத்தனை கரியும் சூடும் ஏறுகிறது. அப்புறம் அது எவ்வளவு உயர்ந்த சிந்தெடிக்காக இருந்தால் என்ன? போதாததற்கு, இந்த இன்ஜினில் வால்வுகளை உரிய நேரத்தில் இயங்க வைப்பது டைமிங் செயின். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. எண்ணெய் அழுக்கானாலும் குறைந்தாலும் முதலில் அடிபடுவது அந்தச் செயினும், புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவும்தான்.

இன்னொன்று, மீட்டரில் ஏறாத ஓட்டம். சைட்டில் மரம் கிடையாது; வெயிலில் ஆட்கள் வண்டிக்குள் வந்து உட்காருவார்கள்; ஏ.சி. ஓட வேண்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம் வண்டி நின்றபடியே இன்ஜின் ஓடுகிறது. ஒரு மணி நேரம் நின்று ஓடினால் 40 கிலோமீட்டர் ஓடியதாக நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். இதைவிடக் கூடுதலாக வைப்பவர்களும் உண்டு. மாதம் 25 நாள், 50 மணி நேரம் என்றால் 2,000 கிலோமீட்டர். அதாவது மீட்டர் 4,000 காட்டும்போது எண்ணெய் 6,000-க்கு உழைத்திருக்கிறது. நான் 10,000-க்கு மாற்றியதாக நினைத்த எண்ணெய் உண்மையில் 15,000-க்கு மாற்றப்பட்டது. இப்போது 5,000-க்கு மாற்றுவது உள்ளபடி 7,500. நாற்கரச் சாலையில் மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் நிற்காமல் ஓடும் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு 10,000 என்பது உண்மையாகவே 10,000தான்.

பணக் கணக்குக்கு வருகிறேன். நான் வாங்கிய விலைகள் இவை: மினரல் லிட்டர் 380 ரூபாய், சிந்தெடிக் 720. ஃபில்டர் 220, கூலி 150. ஆண்டுக்கு 50,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிந்தெடிக் மாற்ற ஒரு முறைக்கு 2,530 வீதம் ஐந்து முறைக்கு 12,650. மினரலுக்கு 1,510 வீதம் பத்து முறைக்கு 15,100. இதுவரை பார்த்தால் சிந்தெடிக்தான் லாபம். எல்லோரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நானும் இரண்டு ஆண்டுகள் இங்கேதான் நின்றிருந்தேன். ஆனால் இடையில் ஊற்றும் எண்ணெயை யாரும் சேர்ப்பதில்லை. 5டபிள்யூ-30 ஊற்றிய காலத்தின் பிற்பகுதியில் என் வண்டி 1,000 கிலோமீட்டருக்கு 150 மில்லி குடித்தது. 10,000-க்கு ஒன்றரை லிட்டர். அதற்கு ஆண்டுக்கு 5,400 ரூபாய். மொத்தம் 18,050. மினரல் 15டபிள்யூ-40 இப்போது 1,000-க்கு 80 மில்லி அளவில் குடிக்கிறது, ஆண்டுக்கு 1,520. மொத்தம் 16,620. ஆக, மலிவு என்று நினைத்ததுதான் 1,430 ரூபாய் அதிகம்.

இங்கே ஒரு நேர்மையான கேள்வி எழும். 5டபிள்யூ-40 சிந்தெடிக் ஊற்றியிருந்தால்? அவ்வளவு குடித்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அதை நான் போட்டுப் பார்க்கவில்லை. அதனால் அடித்துப் பேச மாட்டேன். அந்தச் சிந்தெடிக்கையே 5,000-க்கு மாற்றினால் இன்ஜினுக்கு அதைவிட நல்லது வேறில்லை. டர்போவின் கொதிப்பில் கருகிப் படியாமல் நிற்பதில் சிந்தெடிக்கை மினரல் எட்டிப் பிடிக்க முடியாது. ஆனால் ஆண்டுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் ஆகும். என் வருமானத்துக்கு அது கட்டாது. எண்ணெயின் வகைக்குக் கொடுக்கும் பணத்தை இடைவெளியைக் குறைக்கக் கொடுத்தேன். கையில் பணம் அளவாக இருக்கிற எவருக்கும் அதையே சொல்வேன். டர்போவுக்காக, மலையேறி வந்தாலும் நாற்கரச் சாலையில் விரட்டி வந்தாலும், சாவியைத் திருப்பி அணைக்கும் முன் ஒரு நிமிடம் இன்ஜினைச் சும்மா ஓட விடுகிறேன்.

செமி சிந்தெடிக் 10டபிள்யூ-40, 7,500 கிலோமீட்டருக்கு: இரண்டு முறைதான் போட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. நின்று ஓடும் நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு அதுவே சரியாக இருக்கலாம்.

எண்ணெய் கெட்டதா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். டீசல் இன்ஜினில் புது எண்ணெய் இரண்டொரு நாளில் கறுத்துவிடும். கரியைக் கழுவி எடுக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். நான் ஞாயிறு காலையில் வண்டி ஆறியிருக்கும்போது, வேப்பமரத்தடியில் சமதளத்தில் நிறுத்தி, பழைய வேட்டித் துணியால் குச்சியைத் துடைத்து அளவு பார்க்கிறேன். பிறகு நுனியில் உள்ள ஒரு சொட்டை வெள்ளைக் காபி வடிதாளில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பேன். 3,000 கிலோமீட்டரில் நடுவில் சாம்பல் புள்ளியும், அதைச் சுற்றி நிலவுக்கு ஊர்கோள் கட்டியது போல மங்கலான வளையமும் சீராகப் பரவியிருக்கும். கரியைத் தாங்கிச் சுமக்கும் சக்தி எண்ணெயில் இன்னும் இருக்கிறது. அந்த 8,600 கிலோமீட்டர் எண்ணெயை இப்படி வைத்தபோது, நடுவில் மை கொட்டியது போலக் கறுப்பு, கத்தரித்தாற்போல விளிம்பு, அதற்கு வெளியே வெறும் எண்ணெய்ப் பசை. கரி பரவவே இல்லை. அந்தத் தாளை இன்னும் கையுறைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

5,000-க்கு மாற்றுவதில் எண்ணெயைத் தாண்டிய லாபமும் இருக்கிறது. ஐந்து வாரத்துக்கு ஒரு முறை வண்டி குழியின் மேல் ஏறுகிறது. அடிப்பக்கத்தை ஒருவர் விளக்குப் பிடித்துப் பார்க்கிறார். ஆக்ஸில் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறிக்கத் தொடங்கியிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம். அன்று உறையோடு முடிந்தது. பழைய வழக்கப்படி இரண்டரை மாதம் விட்டிருந்தால் தேரி மணல் உள்ளே புகுந்து ஆக்ஸிலையே தின்றிருக்கும்.

தேரி மணலைச் சொல்லாமல் விட முடியாது. திசையன்விளை பக்கம் போய் வந்தால் அந்தச் செம்மண் தூசி ஏர் ஃபில்டரில் மருதாணி போல அப்பியிருக்கும். ஃபில்டர் தவறவிடும் தூசி சிலிண்டர் சுவரை உப்புத்தாள் போலத் தேய்க்கும். அதை எந்த எண்ணெயும் தடுக்காது. இரண்டு எண்ணெய் மாற்றலுக்கு ஒரு முறை புது ஏர் ஃபில்டர் போடுகிறேன். காற்றடித்துச் சுத்தம் செய்தால் காகிதம் ஓட்டை விழும் வாய்ப்பு உண்டு. அந்தச் சிக்கனம் வேண்டாம்.

வாங்கும்போது மினரலிலும் தரம் பாருங்கள். டப்பாவின் பின்புறம் ஏபிஐ சிஐ-4 அல்லது குறைந்தது சிஎச்-4 என்று இருக்க வேண்டும். டீசல் கரியைச் சமாளிக்க வகுத்த தரங்கள் இவை. பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் எண்ணெயை ஒரு கடையில் ஒரே ஒரு முறை வாங்கினேன். ஆயிரம் கிலோமீட்டருக்குள் நீர்த்துப் போயிற்று. அதன் பிறகு என் கண் முன்னே சீல் உடைக்காத டப்பாவைத் தவிர எதையும் ஊற்ற விடுவதில்லை. காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துவிட்டே வருகிறேன், அதில் போலி நிரப்பி யாரும் விற்காதபடி. எண்ணெயை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷரையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

டி.பி.எஃப். (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள பிஎஸ்-6 டீசல் வைத்திருப்பவர்கள் நான் சொன்ன மினரலைத் தொடவே வேண்டாம். எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் எண்ணெய்தான் அந்த வண்டிகளுக்கு; கையேட்டில் எழுதியிருப்பதை அப்படியே கேளுங்கள். சி.என்.ஜி. காரைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. பெட்ரோல் காரில் என் மைத்துனர் சிந்தெடிக்கை 10,000 வரை ஓட்டுகிறார். குச்சியில் அளவு அரை விரல்கூட இறங்குவதில்லை. அவர் வண்டி 70,000தான் ஓடியிருக்கிறது, சைட்டில் நிற்பதும் கிடையாது.

என் அடுத்த மாற்றல் 3,15,000-இல். வண்டி சூடாக இருக்கும்போதே வடித்தால்தான் அடியில் தங்கிய கரியும் சேர்ந்து இறங்கும். அதனால் சைட்டிலிருந்து திரும்பும் வழியில் நேராகப் பட்டறைக்கே போய்விடுவேன்.