தி இன்விசிபிள் மேன் (2020): ரீபூட்னா இப்படி எடுக்கணும்

ரீபூட்னு, அதாவது பழைய படத்தைப் புதுசா மறுபடி ஆரம்பிச்சு எடுக்கிறதுன்னு சொன்னாலே எனக்கு சந்தேகம்தான் வரும், முக்கால்வாசி பேர் பழைய டைட்டிலுக்கு இருக்கிற மவுசை வச்சு டிக்கெட் வித்துட்டுப் போறாங்க. இந்தப் படத்தையும் அப்படி நெனச்சுத்தான் போட்டேன், முதல் பத்து நிமிஷத்துலயே நிமிர்ந்து உக்காந்துட்டேன்.

கொஞ்சம் பின்கதை சொன்னாதான் இதோட அருமை புரியும். யுனிவர்சல் ஸ்டுடியோகிட்ட மம்மி, டிராகுலா, ஓநாய் மனுஷன்னு ஒரு பெரிய பழைய மான்ஸ்டர் கூட்டமே இருக்கு. 2017ல டாம் க்ரூஸை வச்சு நூறு மில்லியன் டாலருக்கு மேல கொட்டி தி மம்மி எடுத்தாங்க, இந்த மான்ஸ்டரெல்லாம் ஒரே உலகத்துல வர்ற தொடர் படங்கள்னு திட்டம் போட்டு, அதுக்கு டார்க் யுனிவர்ஸ்னு பேரு வச்சு, இன்னும் எடுக்காத படங்களோட ஹீரோக்களையும் கூப்பிட்டு குரூப் போட்டோ வேற! அதுல ஜானி டெப்தான் இன்விசிபிள் மேனா நடிக்கிறதா இருந்துச்சு. மம்மி வந்துச்சு, பாதி படம் அடுத்த படத்துக்கு விளம்பரம் மாதிரியே ஓடுச்சு, யாருக்கும் பிடிக்கல, யுனிவர்ஸ் அத்தோட மூட்டை கட்டிருச்சு. அப்புறம் அதே ஸ்டுடியோ, கம்மி காசுல திகில் படம் எடுக்கிற ப்ளம்ஹவுஸ் கம்பெனிகூட சேர்ந்து, சா (Saw) படத்தோட கதையை எழுதுன டைரக்டர் லீ வனெல்கிட்ட வெறும் 7 மில்லியன் பட்ஜெட்ல இதைக் குடுத்தாங்க. வசூல் 140 மில்லியனுக்கு மேல, அதுவும் ரிலீஸாகி மூணு வாரத்துல கொரோனாவால தியேட்டரெல்லாம் மூடியும்.

எப்படி ஜெயிச்சுதுன்னா, என் கணக்குல ஒரே காரணம்தான். கதையை யார் பக்கம் நின்னு சொல்றோம்ங்கிறதை மாத்திட்டாங்க. ஹெச்.ஜி. வெல்ஸ் 1897ல எழுதுன நாவல்லயும் சரி, கிளாட் ரெய்ன்ஸ் நடிச்ச 1933 படத்துலயும் சரி, நடுநாயகம் அந்த மறைஞ்ச ஆளுதான், அவன் மருந்தால கிறுக்கு பிடிச்சு ஆடுற ஆட்டம்தான் படமே. இதுல அவன்கிட்ட சிக்கி தப்பிச்சு வந்த செசிலியாவைத்தான் நாம பின்தொடர்றோம். எலிசபெத் மாஸ் பின்னி எடுத்திருக்காங்க. அவன் செத்துட்டான்னு சேதி வருது, இவளுக்கு 5 மில்லியன் டாலர் எழுதி வச்சிருக்கான்னும் வருது, ஆனா இவளுக்கு மட்டும் அவன் பக்கத்துலயே இருக்கான்னு தோணுது, சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க. கண்ணுக்குத் தெரியாதவன்ங்கிற அந்தப் பழைய ஐடியா, வீட்டுக்குள்ள நடக்குற கொடுமையை வெளியில யாருமே பாக்கலங்கிறதோட கச்சிதமா ஒட்டிக்கிச்சு. க்ரிஃபின்ங்கிற பேரையும் அந்த மறையுற வித்தையையும்தான் பழசுலேருந்து எடுத்துக்கிட்டாங்க, மருந்துக்கு பதிலா, போட்டா ஆளே மறையுற, கேமரா பதிச்ச ஒரு சூட்.

காசு கம்மிங்கிறதும் நல்லதாப் போச்சு. கிச்சன் சீன் ஒண்ணு வரும், அவ சமைச்சுக்கிட்டு இருந்துட்டு வெளிய போறா, கேமரா நகராம அங்கேயே நிக்குது, மேடையில இருந்த கத்தி காணாம போகுது, அடுப்புத் தீ தானா ஏறுது. அவ்ளோதான். இதுக்கப்புறம் காலி ரூமைக் காட்டுனாலே மூலை மூலையா தேட ஆரம்பிச்சுட்டேன், சும்மா ஒரு நாற்காலியைக் காட்டுறான், எனக்கு இங்க வேர்க்குது. குளிர்ல வாசல்ல நிக்கிறப்போ அவ பின்னாடி இன்னொரு மூச்சு ஆவியா வர்ற இடம்... யப்பா.

குறை இல்லாம இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு ஆக்ஷன் படமா மாறிடுது, லாஜிக் அங்கங்க ஓட்டை, நடுவுல ஒரு பத்து நிமிஷம் வெட்டியிருக்கலாம். இன்னொண்ணு, இதே வனெல் 2025ல உல்ஃப் மேன் எடுத்தாரு, அதே கம்பெனி, அதே மாதிரி சின்ன குடும்பம், சின்ன இடம். எடுபடல. அதுல நோய் மாதிரி ஏதோ பரவுதுன்னு காட்டுறாங்க, ஆனா எதைப் பத்தி பயப்படணும்னு கடைசி வரைக்கும் எனக்குப் பிடிபடவே இல்ல. கம்மி பட்ஜெட்டும் நல்ல டைரக்டரும் இருந்தா போதும்னு நெனச்சு அடுத்த மான்ஸ்டரைத் தூசி தட்டுறவங்க இந்த ரெண்டையும் வரிசையா போட்டுப் பாக்கட்டும்.

என் மார்க் பத்துக்கு எட்டரை. ஹெட்போன் மாட்டி, லைட்டை அணைச்சுட்டுப் பாருங்க, சவுண்ட்லதான் பாதி படம் இருக்கு. 1933 படத்தையும் விடாதீங்க, ஒண்ணேகால் மணி நேரம் கூட வராது, பழைய ட்ரிக் ஷாட் எல்லாம் இன்னைக்கும் அசத்துது. எதை முதல்ல பாத்தாலும் இன்னொண்ணு கெட்டுப்போகாது.